மாமி கத்தரிக்கோல் எடுக்கவே இல்லை

போன மாசம் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால், குழித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் ஓடு மாற்ற ஆள் வந்தபோது, மச்சில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்க வேண்டியதாகிவிட்டது. அதில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே இரண்டு கட்டு. ஒன்று பாட்டாவுக்கு வந்த திருவிதாங்கூர் அஞ்சல் கவர்கள், பெரும்பாலும் கொப்பரை வியாபாரக் கடிதங்கள். இன்னொன்று மாமி இங்கிலாந்திலிருந்து போட்ட கடிதங்கள். மாமி என்றால் அப்பாவின் அக்கா, எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபதுகளில் நர்ஸ் வேலைக்குப் போனவர், மாசம் ஒரு கடிதம் தவறாமல் எழுதினார், ஓய்வு பெற்று இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறார்.

இந்த இரண்டு கட்டையும் மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு வாரத்தில்தான் ஓரத்தில் ஒரு பக்கம் பல் இல்லாத ஸ்டாம்பு குப்பை என்று சின்ன வயதிலிருந்து நான் நம்பிக்கொண்டிருந்தது சுத்தமாகத் தப்பு என்று தெரிந்தது. ஸ்டாம்பு சேர்க்கிறவர்களில் நிறையப் பேர் இன்னமும் அதே தப்பைச் செய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஸ்டாம்பு சேர்க்கத் தொடங்கினேன். முதல் பாக்கெட் வாவுபலிப் பொருட்காட்சியில் வாங்கியது. அப்போது எங்கள் பையன்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது, துளையில் கிழித்தால் ஓரத்தில் நிற்குமே பல், அது நாலு பக்கமும் முழுசாக இருந்தால்தான் ஸ்டாம்பு. ஒரு பல் போயிருந்தாலும் மதிப்பு பாதி, ஒரு பக்கமே மொட்டையாக இருந்தால் அது குப்பை. மாமி கடிதத்தில் வரும் ராணி தலை ஸ்டாம்புகளில் பாதிக்குப் பாதி அப்படித்தான் வரும், மேல்பக்கம் மொட்டை, அல்லது கீழ்ப்பக்கம் மொட்டை, சிலது இரண்டு பக்கம் மொட்டை. மாமி அவசரத்தில் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டுகிறார் என்று நினைத்து, ஆல்பத்தில் வைக்காமல் ஐந்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டேன். இதைவிட வருத்தமான காரியம் ஒன்றும் செய்தேன். மொட்டைப் பக்கத்தோடு ஒத்துப் போகட்டும் என்று சில ஸ்டாம்புகளில் மிச்சம் மூன்று பக்கத்துப் பற்களையும் வெட்டிச் சதுரமாக்கினேன். அந்த ஸ்டாம்புகளை இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

டின்னில் கிடைத்த கடிதங்களோடு மார்த்தாண்டம் போய், கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே மாமியிடம் கேட்டேன். "கத்திரியா? எனக்கு எங்க மக்கா கத்திரி எடுக்க நேரம்? நைட் டூட்டி முடிஞ்சு வரும்போ கடையில ஒரு புக்கு வாங்கி பேக்குல போட்டிருப்பேன். அதுல இருந்து கிழிச்சு ஒட்டினதுதான்" என்றார். அப்புறம் உள்ளே போய் பைபிளுக்குள்ளிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தார். ஸ்டாம்பு புக்லெட். பத்தில் நாலு கிழித்தது போக ஆறு மிச்சம், இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. மேல் வரிசையின் தலைப்பக்கம் மொட்டை, கீழ் வரிசையின் அடிப்பக்கம் மொட்டை, கடைசி ஓரத்தில் இருந்த இரண்டுக்கும் பக்கவாட்டிலும் மொட்டை. நான் குப்பை என்று தள்ளிய ஒவ்வொரு ஸ்டாம்பும் எந்த இடத்திலிருந்து கிழிந்து வந்தது என்று அந்த ஆறைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, இந்தப் பல் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1840-இல் இங்கிலாந்தில் வந்த முதல் தபால்தலையான பென்னி பிளாக்குக்குப் பல்லே கிடையாது, தபால் ஆபீஸில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுத்தார்கள். இந்தியாவில் 1854-இல் வந்த அரையணா ஸ்டாம்பும் அப்படித்தான். ஹென்றி ஆர்ச்சர் என்ற அயர்லாந்துக்காரர் 1847-48 வாக்கில் துளை போடும் இயந்திரத்துக்கு முயற்சி செய்தார், அவருடைய காப்புரிமையை அரசாங்கம் 4,000 பவுண்டு கொடுத்து வாங்கியது, 1854-இல் துளையிட்ட ஸ்டாம்பு முறைப்படி விற்பனைக்கு வந்தது. முதலில் துளைகளை மிக நெருக்கமாகப் போட்டார்கள், நாம் இன்று சொல்லும் கணக்கில் 16. தாளைக் கையில் எடுத்தாலே பிரிந்து வரத் தொடங்கியதால் 1855-இல் 14 ஆக்கினார்கள். அமெரிக்காவில் இதே கதை இன்னும் நீளமாக நடந்தது, 12 இருந்தது சுலபமாகக் கிழிகிறது என்று 1914-இல் 10 ஆக்கி, அது கிழிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று 1917-இல் 11-க்கு வந்து நின்றார்கள். அதனால்தான் ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை உள்ள அமெரிக்க ஸ்டாம்பு பல் எண்ணிக்கையில் மட்டும் மாறி மூன்று காலமாகப் பிரிகிறது. பல் என்பது அலங்காரம் இல்லை, அது தேதி.

16, 14 என்பதெல்லாம் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளை என்ற கணக்கு. பாரிஸில் இருந்த டாக்டர் லெக்ராண்ட் 1866-இல் இந்த அளவுமுறையைக் கொண்டுவந்தார், இன்றுவரை உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது. ஸ்டாம்பு முழுவதிலும் எத்தனை பல் என்று எண்ணினால் பிரயோஜனம் இல்லை, பெரிய ஸ்டாம்பில் அதிகம் இருக்கும், சின்னதில் குறைவாக இருக்கும். 20 மில்லிமீட்டருக்குள் எத்தனை என்பதுதான் கேள்வி. இரண்டு எண் சொன்னால் முதல் எண் மேலும் கீழும், இரண்டாவது எண் இடதும் வலதும். 15 × 14 என்றால் படுக்கைவசத்தில் 15, நின்றவசத்தில் 14.

இதற்குக் கேஜ் என்று ஒரு அட்டை அல்லது கண்ணாடித் தாள் விற்கிறார்கள், புள்ளிகளும் கோடுகளும் போட்டிருக்கும், ஸ்டாம்பை அதன்மேல் நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் எல்லாப் பல்லும் கோட்டோடு கச்சிதமாக உட்காரும். நெட்டிலிருந்து இறக்கி பிரிண்ட் எடுக்கலாம், ஆனால் பிரிண்டர் தாளுக்கு ஏற்றமாதிரி கொஞ்சம் சுருக்கிவிடும், அதனால் பிரிண்ட் எடுத்ததும் அதில் இருக்கும் 20 மில்லிமீட்டர் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். 14-க்கும் 15-க்கும் நடுவில் வித்தியாசம் 2 சென்டிமீட்டரில் ஒரே ஒரு துளை, ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இடையில் 1.43 மில்லிமீட்டரா 1.33 மில்லிமீட்டரா என்பதுதான். அரை மில்லிமீட்டர் பிரிண்ட் சுருங்கினாலும் கணக்கு கலங்கிவிடும்.

இனி புக்லெட்டுக்கு வருகிறேன். லக்ஸம்பர்க் 1895-இல் தொடங்கியது என்று சொல்வார்கள், அமெரிக்கா 1900, இங்கிலாந்து 1904 மார்ச். அதே 1904-இல் இந்தியாவிலும் எட்வர்ட் ராஜா தலை போட்ட புக்லெட் வந்தது, 24 அரையணா ஸ்டாம்பு, அதாவது 12 அணா மதிப்பு, விலை 12¼ அணா. அந்தக் காலணா அட்டைக்கும் கட்டுக்கும். இங்கிலாந்திலும் 24 ஒரு பென்னி ஸ்டாம்புக்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் அரைப்பென்னி கூடுதல், அமெரிக்காவில் ஒரு சென்ட் கூடுதல். எல்லா ஊரிலும் அட்டைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்க புக்லெட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் வைத்திருந்தார்கள், பசை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் நம்ம பக்கத்தில் அந்த மெழுகுத்தாளின் அருமை நன்றாகத் தெரியும், டின்னில் இருந்த பாட்டாவின் ரெவின்யூ ஸ்டாம்புகள் இப்போது ஒரே கட்டியாக இருக்கின்றன.

புக்லெட் செய்வது எப்படி என்று தெரிந்தால் மொட்டை ஓரம் தானாகப் புரிந்துவிடும். பெரிய தாளில் அச்சடித்து, துளை போட்டு, அட்டை சேர்த்து, பின் அடித்தோ நூலால் தைத்தோ பசை போட்டு ஒட்டியோ கட்டி, கடைசியில் பெரிய கட்டிங் மெஷினில் வைத்து ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். நோட்டுப் புத்தகம் போல. கத்தி எங்கே விழுகிறதோ அங்கே ஓரம் நேராக நிற்கும். ஸ்டாம்பு ஸ்டாம்புக்கு நடுவில் கிழிக்கத்தான் துளை வேண்டும், புத்தகத்தின் வெளி ஓரத்தில் கிழிப்பதற்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவின் பழைய ஆறு ஸ்டாம்பு பக்கம் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு இரண்டாக மூன்று வரிசை, மேலே கட்டுவதற்கு ஒரு வெற்றுப் பட்டை. இடது வரிசை மூன்றுக்கும் இடதுபக்கம் மொட்டை, வலது வரிசைக்கு வலதுபக்கம், அடியில் இருக்கும் இரண்டுக்கும் கூடுதலாகக் கீழ்ப்பக்கமும் மொட்டை. ஒரு ஒற்றை ஸ்டாம்பு கையில் கிடைத்து, அதில் இடதும் கீழும் நேராக இருந்தால், அது அந்தப் பக்கத்தில் இடது கீழ் மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்டாம்பு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஓரம் மொட்டை என்றால் புக்லெட் என்று சந்தேகப்படலாம். எதிரெதிர் ஓரம் இரண்டும் மொட்டை என்றால் அது மெஷினில் போடும் சுருள் ஸ்டாம்பாக இருக்க அதிக வாய்ப்பு. ஒரே ஒரு ஓரம் மட்டும் என்றால் அவசரப்படக்கூடாது, அமெரிக்காவில் பெரிய தாளை நான்காக வெட்டிய இடத்திலும் நேர் ஓரம் வரும். இங்கிலாந்துச் சுருள் ஸ்டாம்புக்கு நாலு பக்கமும் பல் இருக்கும், அதனால் அமெரிக்கச் சட்டத்தை இங்கிலாந்துக்குப் போட்டுப் பார்க்கவும் கூடாது.

அடுத்தது மாமியின் கட்டு.

இங்கிலாந்தில் 1989 ஆகஸ்டில் விலை அச்சிடாத ஸ்டாம்பு வந்தது, ஒன்றாம் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று மட்டும் போட்டிருக்கும். முதலில் வந்த ஒன்றாம் வகுப்பு கருப்பு கலந்த காப்பி நிறம், 1990-இல் செம்மஞ்சள் ஆனது. கடைகளில் சோப்பு பிஸ்கட்டோடு வைத்து விற்பதற்காகவே பார்கோடு போட்ட புக்லெட்டுகள் அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே வந்துவிட்டன. மாமி கடையில் வாங்கி பேக்கில் போட்டது இதுதான். இந்த புக்லெட்டுகளை ஒரே அச்சகம் அடிக்கவில்லை. ஹாரிசன், வால்சால், குவெஸ்டா என்று மூன்று அச்சகங்கள். ராணி தலை ஒன்று, நிறம் ஒன்று, எழுத்து ஒன்று. கவரில் ஒட்டி முத்திரை விழுந்த ஸ்டாம்பை மட்டும் வைத்துக்கொண்டு யார் அடித்தது என்று எப்படிச் சொல்வது?

பல்லை எண்ணினால் வால்சாலையாவது தனியாகப் பிரித்துவிடலாம். வால்சால் நாலு பக்கமும் 14. ஹாரிசனும் குவெஸ்டாவும் 15 × 14. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நின்றவசத்தில் எல்லாருக்கும் 14-தான். முதல் நாள் ராத்திரி நான் இடதுபக்கப் பல்லையே எண்ணிக்கொண்டிருந்து, எல்லாம் 14, எல்லாம் வால்சால் என்று நோட்டில் எழுதி முடித்துவிட்டேன், மறுநாள் காலையில் உறைத்தது, மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோதான் உண்மையைச் சொல்லும், பக்கவாட்டு எதையும் சொல்லாது. மேல்பக்கம் மொட்டையாக இருந்தால் கீழ்ப்பக்கத்தை எண்ண வேண்டும். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

ஸ்டாம்பு கவரில் ஒட்டியிருந்ததால் கறுப்புத் தாளில் வைத்துப் பல்லை எண்ண முடியாது, அதனால் கண்ணாடித் தாள் கேஜைக் கவரின்மேல் போட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். 1991 தேதி போட்ட ஒரு கவரில் இரண்டு செம்மஞ்சள் ஸ்டாம்பு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தது. இடது ஸ்டாம்பின் கீழ்ப்பல் 14 கோட்டில் முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை சரியாக உட்கார்ந்தது. கேஜை நகர்த்தாமல் வலது ஸ்டாம்பைப் பார்த்தால் நாலாவது பல்லிலேயே விலக ஆரம்பித்து, நடுவில் வரும்போது பல் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. 15-க்கு நகர்த்தியதும் அது உட்கார்ந்தது. ஒரே கவரில், ஒரே நாளில், ஒரே கை ஒட்டிய இரண்டு ஸ்டாம்பு, இரண்டு வேறு புக்லெட். ஒன்று தீர்ந்து அடுத்ததைப் பிரித்த நாள் அது. அப்படி ஒரு சாதாரண நாளின் அடையாளத்தை முப்பது வருஷம் கழித்துப் பல்லில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னமும் பெரிய விஷயமாகத்தான் இருக்கிறது.

1993-க்குப் பிறகு வந்தவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். போலியைத் தடுக்க இடது வலது ஓரங்களில் ஒவ்வொரு நீள்வட்டத் துளை போட ஆரம்பித்தார்கள், சாதாரணத் துளைகளுக்கு நடுவில் ஒரு அகலமான துளை, கண்ணாலேயே தெரியும்.

பல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது இன்னும் சில உண்டு. மூலையைப் பாருங்கள். சீப்பு மாதிரி மூன்று பக்கம் ஒரே அடியில் துளை போடும் இயந்திரம் என்றால் நாலு மூலையிலும் பல் ஒரே மாதிரி கச்சிதமாக இருக்கும். ஒரு நேர்க்கோடாக முதலில் ஒருவாட்டம், பிறகு குறுக்கே ஒருவாட்டம் போட்டிருந்தால் மூலையில் துளையும் துளையும் ஏறுக்குமாறாக மோதும், ஒரு மூலையில் கொழுத்த பல், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. முழுப் பக்கமாகக் கிடைத்தால் கட்டுவதற்கு விட்ட வெற்றுப் பட்டையில் துளை எதுவரை ஓடியிருக்கிறது, பட்டை முழுக்க ஓடியிருக்கிறதா, ஒற்றைத் துளையோடு நிற்கிறதா, இல்லவே இல்லையா என்று பார்ப்பது பழைய புக்லெட்டை அடையாளம் காண்பதில் முக்கியமான வேலை, ஏனென்றால் துளையிடும் இயந்திரம் மாறும்போது முதலில் மாறுவது அந்த இடம்தான். பின் அடித்த புக்லெட் என்றால் இரண்டு சின்ன ஓட்டை, சுற்றிலும் துருக்கறை. தைத்தது என்றால் வரிசையாக நூல் ஓட்டை. வாட்டர்மார்க் உள்ள காலத்து இங்கிலாந்து ஸ்டாம்பு என்றால், புக்லெட்டுக்கான தாளில் பாதியைத் தலைகீழாக அடித்ததால் பாதி ஸ்டாம்புகளில் வாட்டர்மார்க் தலைகீழாக நிற்கும். நாலு பக்கமும் பல் இருக்கும் ஸ்டாம்பு புக்லெட்டிலிருந்து வந்தது என்பதற்கு சில நேரம் அது ஒன்றுதான் சாட்சி.

போலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் காசு போயிருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் நெட்டில் ஒருவரிடம் பழைய ஆறாம் ஜார்ஜ் காலத்து புக்லெட் பக்கம் என்று 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் பட்டையில் பின் ஓட்டை இருந்தது, ஆனால் துரு பட்டையின் முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. நிஜமான பின் எண்பது வருஷம் இருந்தால் இரண்டு பக்கமும் கறை ஏறும். பட்டைக்கும் ஸ்டாம்புக்கும் நடுவில் இருந்த துளை வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பின்னால் ஒரு மெல்லிய தாள் ஒட்டு தெரிந்தது. சாதாரணத் தாளிலிருந்து கிழித்த ஆறு ஸ்டாம்பில், ஓரத்துப் பல்லை வெட்டி எறிந்துவிட்டு, வேறு எங்கிருந்தோ வந்த பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு நேர் ஓரம் உள்ள எதை வாங்கினாலும் அகலத்தை அளக்காமல் விடுவதில்லை. நிஜமான புக்லெட் ஸ்டாம்பில் மொட்டைப் பக்கத்துக்கும் படத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளை, எதிர்ப்பக்கத்தில் பல் நுனி வரை உள்ள வெள்ளைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும், கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கும். பல்லை வெட்டி எடுத்தது என்றால் அந்தப் பக்கம் ஒடுங்கிப்போய் இருக்கும். கட்டிங் மெஷின் கத்தி சில நேரம் நகர்ந்து விழும், அதனால் ஒடுங்கியதெல்லாம் போலி என்று முடிவு கட்டவும் முடியாது, ஆனால் சந்தேகப்பட அது போதும். இதற்கு நேர் எதிர்த் திருட்டும் நடக்கிறது, மொட்டை ஓரத்தில் புதிதாகத் துளை போட்டு நாலு பக்கமும் பல் உள்ளதாக விற்பது. அதைப் பல் நுனியில் கண்டுபிடிக்கலாம். கையால் கிழித்த பல்லின் நுனியில் தாளின் நார் மெல்லிய ரோமம் போல நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு போட்ட துளையில் பல் நுனி கத்தியால் நறுக்கிய மாதிரி தட்டையாக இருக்கும், ஏனென்றால் அந்த ஓரத்தை யாரும் கிழிக்கவில்லை.

இவ்வளவும் மாமி கட்டிலிருந்து கற்றுக்கொண்டு, பாட்டாவின் கட்டைத் திறந்தேன். அதில் புக்லெட் எதுவும் இல்லை, ஆனால் பல் எண்ணும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாகத் தபால் இருந்தது, அதன் பெயரே அஞ்சல். இன்று தமிழ்நாடு முழுக்க நாம் அஞ்சலகம் அஞ்சல்தலை என்று சொல்கிறோமே, எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட ஆபீஸின் பெயர். அஞ்சல் வேறு, பிரிட்டிஷ்காரர் தபால் வேறு. 1888-இல் சங்கு முத்திரை போட்ட ஸ்டாம்பு வெளியிட்டார்கள். விலை சக்கரத்திலும் காசிலும், 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். திருவனந்தபுரத்திலேயே அச்சடித்தார்கள். 1951 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியத் தபாலோடு சேரும்வரை அது தனியாக ஓடியது. அப்போது கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன, 1956 நவம்பர் 1-இல்தான் கன்னியாகுமரி மாவட்டமாக இந்தப் பக்கம் வந்தோம்.

பாட்டாவின் கவர்களில் அதிகம் இருப்பது 1941-இல் வந்த முக்கால் சக்கரம், ஆலுவாயில் பெரியாற்றின் மேல் கட்டிய மார்த்தாண்ட வர்மா பாலம் படம். பாலம் திறந்தது 1940-இல், அடுத்த வருஷமே ஸ்டாம்பில் ஏறிவிட்டது. யுத்த காலம், அச்சும் தாளும் சுமார்தான். இதே ஸ்டாம்பு 11, 12, 12½ என்று மூன்று அளவிலும் கிடைக்கிறது, மேல்பக்கம் ஓர் அளவு பக்கவாட்டு இன்னோர் அளவு என்று கலந்தும் கிடைக்கிறது, இரண்டு ஸ்டாம்புக்கு நடுவில் துளை போடவே மறந்துபோன ஜோடிகளும் உண்டு. எங்கள் டின்னில் இருந்த 23 கவரில் 12½ பதினான்கு, 11 ஆறு, கலப்பு மூன்று. மூலைகளைப் பார்த்தால் கோடு கோடாகத் துளை போட்டது தெரிகிறது, ஒரு ஸ்டாம்பில் மேல் வலது மூலையில் இரண்டு துளை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எட்டு என்ற எண்ணைப் போல் நிற்கிறது. 11 அளவுத் துளைகள் பெரியவை, தாளும் மொரமொரப்பானது, அதனால் அந்த ஆறிலும் கிழித்த இடத்தில் ஒன்றிரண்டு பல் பாதியில் ஒடிந்திருக்கிறது. சின்ன வயதுச் சட்டப்படி இவை ஆறும் குப்பைக்குப் போயிருக்கும்.

அந்த வரிசையில் 1939-இல், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27-வது பிறந்தநாளுக்கு வந்த 7 சக்கரம் ஒன்று உண்டு, பேச்சிப்பாறை அணை படம் போட்டது. பாட்டா கட்டில் அது இல்லை, கொப்பரைக் கடிதத்துக்கு அவ்வளவு விலை ஒட்ட மாட்டார்கள். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் அந்த அணைத் தண்ணீர் என்பதால் தனியாகத் தேடி ஒன்று வாங்கினேன். 6 சக்கரத்தில் கன்னியாகுமரிக் கடல். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

யாராவது வீட்டில் இப்படிக் கட்டு இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கவரிலிருந்து ஸ்டாம்பைப் பிய்க்கவோ தண்ணீரில் ஊறவைக்கவோ வேண்டாம். முத்திரையில் தேதி இருக்கிறது, ஸ்டாம்பில் பல் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் எந்த மாசம் எந்த அச்சகத்து புக்லெட் என்று சொல்ல முடியும். ஊறவைத்த ஸ்டாம்பு உலரும்போது தாள் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். வைப்பதென்றால் பிளாஸ்டிக் உறை சுத்தமாக வேண்டாம், நம்ம ஊர் ஈரத்தில் உள்ளே வேர்க்கும். அமிலம் இல்லாத தாளில் மடித்து, டின்னில் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, மழை முடிந்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட வைத்தால் போதும். பின் அடித்த புக்லெட்டில் பின் துருப்பிடித்திருந்தால் பிடுங்க வேண்டாம், பின்னுக்கும் தாளுக்கும் நடுவில் சின்னப் பட்டர் பேப்பர் துண்டு செருகி விடுங்கள்.

மாமியின் மகள், எனக்கு மைனி முறை, இப்போதும் இங்கிலாந்தில்தான் இருக்கிறாள். போன ஞாயிறு வீடியோ காலில் அந்த ஆறு ஸ்டாம்பைக் காட்டியபோது, ஸ்டாம்பிலேயே பார்கோடு இல்லாத பழைய சாதாரண ராணி தலை ஸ்டாம்பெல்லாம் 2023-லேயே செல்லாமல் போய்விட்டது, ஆனால் தபால் நிறுவனத்துக்கு அனுப்பினால் பதிலுக்குப் புது ஸ்டாம்பு தருகிறார்கள், ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். மாமி என்னைப் பார்த்தார். வேண்டாம் மைனி, அது இங்கேயே இருக்கட்டும் என்றேன். மேல் வரிசை 14, கீழ் வரிசை 14, வால்சால். நாலு கிழித்த இடத்தில் நார் இன்னும் மெத்தென்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நாலில் இரண்டு எந்தக் கவரில் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டேன், பல்லும் பள்ளமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மற்ற இரண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நாற்பது கவர் பாக்கி இருக்கிறது.